‘காது செல்களை மீண்டும் வளர்க்கும்’ மாத்திரை: வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது

விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலில் பல்லாண்டுகள் வேலை பார்த்துக் கேள்திறன் குறைந்துபோன என் தந்தைக்காக, உள்காதில் அழிந்த செல்களை மீண்டும் வளர்ப்பதாக இணையத்தில் விளம்பரம் செய்யப்படும் மாத்திரையை வாங்கினோம். யாரும் இதை வாங்க வேண்டாம் என்பதே என் மதிப்பீடு. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்.

டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பவை ஜின்கோ மர இலைச் சாறு, துத்தநாகம், மெக்னீசியம், பி12. இவற்றில் எதுவும் மனிதக் காதில் ஒரு மயிர்ச் செல்லையேனும் புதிதாக உண்டாக்கியதாக நிரூபிக்கப்படவில்லை.

ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் இச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும். அத்தனையும் நாம் கருவில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஏடோ1 என்ற மரபணு எந்தச் செல்லில் வலுவாகச் செயல்படுகிறதோ அது மயிர்ச் செல்லாகிறது. அதுவே நாட்ச் என்னும் சமிக்ஞை வழியாகப் பக்கத்துச் செல்களைத் தடுத்து, அவற்றை மயிர்ச் செல்களைச் சூழ்ந்து தாங்கி நிற்கும் தாங்கு செல்களாக நிறுத்திவிடுகிறது. கோழிக்குஞ்சிலும் காடையிலும் இரைச்சலால் அழிந்த மயிர்ச் செல்கள் மறுபடி தோன்றுவதை 1988இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன. பறவைகளில் தாங்கு செல்களே பிரிந்தோ உருமாறியோ அந்த இடத்தை நிரப்புகின்றன. வளர்ந்த பாலூட்டிகளின் காக்ளியாவில், அதாவது உள்காதில் ஒலியை உணரும் நத்தை வடிவ உறுப்பில், அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதைத் திறக்க அமெரிக்காவின் ஃப்ரீக்வென்சி தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எஃப்எக்ஸ்-322 என்ற மருந்து, செவிப்பறை வழியாக ஊசியில் செலுத்தப்பட்டும், ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தில்லாத ஊசியைவிடப் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனைக் கூட்டவில்லை என்று 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. உள்காதின் வாசலிலேயே வைத்த மருந்துக்கு இதுதான் முடிவு என்றால், விழுங்கும் சத்து மாத்திரை அதைச் செய்யும் என்று எப்படி நம்புவது?

தந்தையின் ஆடியோகிராமில், அதாவது கேள்திறன் பரிசோதனை வரைபடத்தில், 4,000 ஹெர்ட்ஸ் அருகே கேள்திறன் குறைந்ததைக் காட்டிய பள்ளம், மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த பரிசோதனையிலும் அப்படியே இருந்தது. விற்றவர்களிடம் ஆய்வு முடிவைக் கேட்டதற்கு, வாடிக்கையாளர்களின் குரல் பதிவுகளை மட்டுமே வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

இந்தப் பணத்தைக் கேள்திறன் பரிசோதனைக்கும் காது மெஷினுக்கும் செலவிடுங்கள். மிஞ்சியிருக்கும் மயிர்ச் செல்களுக்கு எட்டும்படி மெஷின் ஒலியைப் பெருக்கித் தருகிறது. அதுவும் போதாத அளவுக்குக் கேள்திறன் போனவர்களுக்கு, அச்செல்களைத் தாண்டி நரம்பையே தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் இருக்கிறது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் மாத்திரை, எண்ணெய் என்று நாளைக் கடத்தாமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்; அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும்.