ஏழு வருடம், மூன்று டார்க் ரெஞ்ச்

போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் முதலாவதை 2018-ல் வாங்கினேன். அரை இஞ்ச் சதுர முனை, கிளிக் வகை (வைத்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று தெரியும்), 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் (திருப்பும் விசையின் அலகு) வரை. விலை 2,400 ரூபாய். கார் வீல் நட்டுக்கும் பைக்குக்கும் இந்த ஒன்றே போதும் என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். கார் சக்கரத்துக்கு மேனுவல் கேட்பது 100. அதில் ஒரு குறையும் இல்லை, நாலு சக்கரமும் சுத்தமாக முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்குக்கு ஆயில் மாற்றினேன். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டுக்கு 30. ரெஞ்சை 30-ல் வைத்து இழுத்தேன், கிளிக் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். போல்ட் திடீரென்று இலகுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அது ஏறும் எஞ்சின் கூட்டின் (கிரான்க்கேஸ்) மரை போய்விட்டது.

லேத் பட்டறைக்காரர் போல்ட்டில் சுற்றியிருந்த வெள்ளைச் சுருளைப் பார்த்தார். "அலுமினியம்ங்க தம்பி, இரும்பாட்டம் தாங்காதுங்க" என்றார். ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை வைத்து மரையைச் சரிசெய்ய ரெஞ்ச் விலையில் பாதிக்கு மேல் செலவானது.

ரெஞ்ச் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். கெடவில்லை. கை டார்க் ரெஞ்சுகளுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 6789. இந்த மாதிரி கிளிக் ரெஞ்சுக்கு அது அனுமதிக்கும் பிழை கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம். அதையும் உச்ச அளவின் 20 சதவீதத்திலிருந்துதான் கேட்கிறது. 210-க்கு 20 சதவீதம் என்றால் 42. ஸ்கேலில் 28 என்று அச்சடித்திருந்தாலும் 42-க்குக் கீழே அந்தத் துல்லியத்துக்கு உத்தரவாதம் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. அடிமட்டத்தில் ஸ்பிரிங் தளர்வாக இருப்பதால் கிளிக் மிக மெல்லியதாக வரும். அரை மீட்டர் நீளக் கைப்பிடியில் அது உள்ளங்கைக்குத் தெரியாமலே போய்விடும். எனக்கு நடந்தது இதுதான். டப்பாவின் மேல் "±4%" என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் எல்லாருமே இந்தப் பள்ளத்தில் விழக்கூடும்.

அதனால் ரெஞ்சைத் தேடும் முன் போல்ட்டுகளின் பட்டியலை எழுதுங்கள் என்பேன். நான் மேனுவலைப் பிரித்து வைத்து எழுதியபோது பைக் வேலையில் முக்கால்வாசி 10-க்கும் 35-க்கும் நடுவில் இருந்தது: ஸ்பார்க் பிளக் 12, எஞ்சின் கவர் போல்ட்டுகள் 10, டிரெய்ன் 30. அதற்கு மேல் ஆக்சில் நட் மட்டும் 70. இந்தப் பட்டியலோடு போய் கால் இஞ்சில் 5–25 ஒன்றும், முக்கால் வருடம் கழித்து 3/8 இஞ்சில் 19–110 ஒன்றும் வாங்கினேன். மூன்றும் ஒரே விலை வரிசைதான். இப்போது அதிகம் கையில் எடுப்பது நடுவில் உள்ள 19–110.

கோவையில் பம்ப், மோட்டார் தொழில் இருப்பதால் என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் காலிப்ரேஷன் லேப் தேடி அலைய வேண்டியதில்லை. 2022-ல் மூன்றையும் கொடுத்தேன். உச்ச அளவின் 20, 60, 100 சதவீதத்தில் சோதித்து அறிக்கை தருவார்கள். பெரிய ரெஞ்ச் 126-லும் 210-லும் 2 சதவீதத்துக்குள் நின்றது. 42-ல் மட்டும் 5 சதவீதம் தாண்டியது. நான்கு வருடம் உழைத்த 2,400 ரூபாய்ப் பொருளுக்கு இது எனக்குப் பெரிய திருப்தி. தரநிலை சொல்லும் இடைவெளி 12 மாதம் அல்லது 5,000 கிளிக். வீட்டு வேலையில் 5,000 எப்போதும் வராது என்பதால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கிறேன். பட்டறை வைத்திருப்பவர்கள் இப்படி விடக்கூடாது.

இடைப்பட்ட காலத்தில் தண்ணீர் கேனை வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கவ்வவைத்து, கைப்பிடி படுக்கைவாட்டில் நிற்கும்படி வைப்பேன். கைப்பிடியின் நடுவில் கயிறு கட்டி கேனைத் தொங்கவிட வேண்டும். கிளிக் ரெஞ்சில் கை பிடிக்கும் இடம் மாறினால் அளவும் மாறும், அதனால் நடு முக்கியம். மளிகைக் கடையில் முத்திரை போட்ட தராசில் எடை போட்டுத் தண்ணீரோடு 11 கிலோ. முனையிலிருந்து கயிறு வரை 42 சென்டிமீட்டர். 11 × 9.81 × 0.42, சுமார் 45.3 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையும் சேரும்: 1.3 கிலோ, அதன் சமநிலைப் புள்ளி 20 சென்டிமீட்டரில், ஆக இன்னொரு 2.5. மொத்தம் 48-க்குப் பக்கம். 46-ல் வைத்து கேனை மெதுவாகக் கையிலிருந்து விட்டால் கிளிக் வர வேண்டும், 50-ல் வரக்கூடாது. கேனைச் சட்டென்று விட்டால் அதிர்ச்சியில் கிளிக் ஆகி ஏமாற்றும். கணக்கு லேப் அளவுக்குத் துல்லியமாகாது. ஆனால் ரெஞ்ச் ஒருமுறை கீழே விழுந்துவிட்டால் அன்றைக்கே எனக்குத் தைரியம் கொடுப்பது இந்தக் கேன்தான்.

வேலை முடிந்ததும் ஸ்பிரிங் தளர்ந்துவிடாதபடி ஸ்கேலின் மிகக் குறைந்த அளவுக் கோட்டுக்குத் திருப்பி வைப்பேன், அதற்குக் கீழே தளர்த்த மாட்டேன். ஜெர்மனியின் ஸ்டால்வில்லே செய்யும் மனோஸ்காப் 730 போன்றவற்றில் அந்தத் தொல்லையே இல்லை, ஆனால் விலை நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. பல நாள் சும்மா கிடந்த ரெஞ்சில் முதல் கிளிக் சற்று அதிகமாகக் காட்டும் என்பதால் வேறொரு போல்ட்டில் நாலைந்து முறை கிளிக் செய்துவிட்டுத்தான் நிஜ வேலைக்கு வருவேன். போல்ட் கழற்ற இதை யாருக்கும் தருவதில்லை. போன வருடம் மச்சான் கேட்டபோதுகூட, "கழற்ற பிரேக்கர் பார் இருக்கு மாப்ள, இத விட்டுடு" என்று அந்த நீளக் கைப்பிடிக் கம்பியைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மரையில் ஆயில் இருந்தால் கணக்கே மாறிவிடும். நாம் கொடுக்கும் திருப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மீதி எல்லாம் உராய்வுக்குப் போகிறது. உராய்வு குறைந்தால் அதே 100-ல் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். மேனுவல் ஆயில் தடவச் சொல்லாத இடத்தில் நான் துணியால் துடைத்துக் காயவிட்டுத்தான் போடுகிறேன்.

பைக் மட்டும் வைத்திருப்பவர் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 19–110 வாங்கலாம், 22-க்கு மேல் நம்பலாம். 10, 12 போல்ட்டுகளுக்கு 5–25 வேண்டும். 28–210 கார்காரர்களுக்கு. கையில் காசு குறைவென்றால் முள் காட்டும் பீம் வகை போதும். தளர்ந்துபோக அதில் ஸ்பிரிங் இல்லை; முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் கையால் வளைத்து நிறுத்திக்கொள்ளலாம். முள்ளுக்கு நேர் மேலே கண் வைத்துப் படிக்க இடம் வேண்டும். அது எஞ்சினுக்கு அடியில் கிடைக்காது, வீல் நட்டில் தாராளமாகக் கிடைக்கும்.