கொழும்பு வெக்கைக்கு எந்தப் பசு: பிறீசியனா, ஜேர்சியா, சாகிவாலா?

கறவை மாடு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை லீற்றர் கறக்கும்?" என்றுதான். அவிசாவளை, ஹோமாகமப் பக்கம் கொட்டில் போடுகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, மாடு இந்த வெக்கையைத் தாங்குமா என்று.

கறவையில் பிறீசியனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது ஐரோப்பியக் குளிரில் உருவான இனம். 25 பாகைக்கு மேலே போனால் திணறத் தொடங்கிவிடும். கொழும்பில் ஆண்டுச் சராசரியே 27ஐத் தாண்டுகிறது, புழுக்கம் வேறு. இன்னொரு சிக்கல் மாட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைக்கும்போது சூடு பிறக்கும். நிறையக் கறக்கும் மாடு நிறையத் தின்ன வேண்டும். தின்னத் தின்ன சூடும் ஏறும். அதை வெளியேற்ற வழியில்லாதபோது மூச்சிரைக்கும், தீனி குறையும், பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். அம்பேவெலக் குளிரில் கறக்கும் பாலை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

ஜேர்சிக்குச் சின்ன உடம்பு, தீனிச் செலவும் குறைவு, வெக்கையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பாலில் கொழுப்பு 5 வீதம் அளவில் இருக்கும், பிறீசியனில் 4க்குக் கீழே. தயிர் போட்டு விற்கிறவருக்கு இதுவே போதும். உண்ணித் தொல்லை இரண்டுக்கும் உண்டு.

சாகிவால் பஞ்சாப் வெயிலில் வளர்ந்தது. திமில்தான் சூட்டைத் தாங்குகிறது என்பார்கள். அது வெறும் தசையும் கொழுப்பும். உண்மையில் கைகொடுப்பது நன்றாக வியர்க்கும் தோல், குட்டை மயிர், உடம்புக்குள்ளே குறைவாகப் பிறக்கும் சூடு. உண்ணியும் அவ்வளவாக அண்டாது. ஆனால் கன்று பக்கத்தில் நிற்காவிட்டால் பலதும் பால் சுரக்காமல் அடம்பிடிக்கும், முதல் கன்று ஈனவும் நாளாகும். பொறுமை இல்லாதவருக்குச் சரிவராது.

நாட்டு மாடு எதையும் தாங்கும். பால்தான் வீட்டுத் தேநீருக்கு மட்டும்.

என்னைக் கேட்டால் ஜேர்சி, சாகிவால் கலப்பு. அவுஸ்திரேலியர்களும் ஜேர்சியோடு சாகிவாலையும் சிவப்புச் சிந்தியையும் கலந்துதான் வெப்ப நாட்டுக்கென்று ஒரு கறவை இனத்தை உருவாக்கினார்கள். ஒன்று கவனிக்க வேண்டும். முதல் தலைமுறைக் கலப்பில் தெரியும் திறம் அடுத்ததில் அப்படியே வராது. அந்தப் பசுவுக்குத் திரும்பவும் ஜேர்சி விந்தையே ஏற்றினால் பிறக்கும் நாகில் ஜேர்சி இரத்தம் முக்கால் பங்கு. வெக்கை தாங்கும் குணம் குறைந்துவிடும். சினை ஊசி போட வருகிறவரிடம் எந்தக் காளையின் விந்து என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.