இண்டக்‌ஷன் அடுப்பும் எங்கள் வீட்டுக் களியும்: மூன்று வருஷத்துக்குப் பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி இருக்கும். கடத்தூரில் இருக்கும் நாத்தனார் போன் பண்ணினாள். "அண்ணி, நீங்க வச்சிருக்கிற கரண்ட் அடுப்பு விலை இறங்கியிருக்குதாம். நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" அப்போது நான் அடிப்பிடித்த களிச் சட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் பேசறேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இப்போது முழுசாக எழுதுகிறேன். வேறு யாராவது வாங்கும் யோசனையில் இருந்தால் அவர்களுக்கும் உதவும்.

நான் வாங்கியது 2022இல், சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டிய சமயம். 2000 வாட், பட்டன் வைத்த மாடல். கம்பெனி எதுவானாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே பெரிய நன்மை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் 8.10க்கு பாலக்கோடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் நான். ஆறு மணிக்கு எழுந்தால் மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, அத்தைக்குக் காலை ஆகாரம் வைத்து, நானும் கிளம்ப வேண்டும். கேஸ் மட்டும் இருந்த காலத்தில் குளிக்கப் போனாலும் காது குக்கர் மேலேயே இருக்கும். எத்தனை விசில் வந்தது என்று பாத்ரூமுக்குள்ளிருந்து எண்ணியிருக்கிறேன். இப்போது அந்தக் கவலை இல்லை. ஒரு டம்ளர் சாமைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், தாளித்துக் கொட்டிய வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொஞ்சம் புதினா, எல்லாம் குக்கரில். 1600 வாட்டில் வைத்து டைமரை 12 நிமிஷத்துக்குத் திருப்பிவிட்டுக் குளிக்கப் போகிறேன். தலை துவட்டிக்கொண்டு வரும்போது அடுப்பு தானாக அணைந்திருக்கும், குக்கர் ஆவி அடங்கிக்கொண்டிருக்கும். சாமை தக்காளி சாதம் உதிரி உதிரியாக வந்திருக்கும். மறுநாள் முதல் நாளே ஊறவைத்த கொள்ளு, அதற்கு அடுத்த நாள் பச்சைப்பயறு கடைசல். ராயக்கோட்டைத் தக்காளி மலிவாகக் கிடைக்கிற மாதங்களில் வாரத்தில் மூன்று நாள் தக்காளித் தொக்குதான். ஒரு தடவை செய்தால் இரண்டு நாள் வரும். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து பதறியதில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதன் அருமை தெரியும்.

செலவுக் கணக்கும் பார்த்தேன். காலையில் 35 நிமிஷம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்துக்கு 55 யூனிட் போல ஆகிறது. இலவச யூனிட் உண்டு என்றாலும் ஃபேன், பிரிட்ஜ், மோட்டார் என்று அதை எப்போதோ தின்றுவிடுகிறோம். 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி. தாண்டினால் பில் வேறு மாதிரி எகிறும். அந்தப் பக்கம் 40 நாளில் தீர்ந்த சிலிண்டர் 65, 70 நாள் வருகிறது. 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் சிலிண்டர் விலை குறைந்த பிறகு மிச்சம் என்று பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. காசை மிச்சம் பிடிக்கத்தான் வாங்குகிறாய் என்றால் அந்தக் கணக்கு இப்போது செல்லாது.

அப்புறம், பாத்திரம். கடையில் வாங்கும்போது அடுப்பின் விலையை மட்டும்தான் பார்த்தேன். அலுமினியம் வேலை செய்யாது, செம்பு செய்யாது, மண் சட்டி செய்யாது. அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். வீட்டில் இருந்த பதினாலு பாத்திரத்தில் காந்தம் ஒட்டியது மூன்றில்தான். குக்கர், வாணலி, தோசைக்கல் என்று வாங்கி முடிக்கும்போது அடுப்பு விலையைவிட ஒன்றரை மடங்கு கூடுதலாகப் போய்விட்டது.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் முன்னே ஒரு தடவை "கரண்ட் அடுப்புல பருப்பு வேகாதாமே அண்ணி" என்று கேட்டாள். அது அடுப்பின் குற்றமில்லை, தண்ணீரின் குற்றம். நம்ம பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலையும் உள்ளையும் இறுக்கிவிடும், எந்த அடுப்பில் வைத்தாலும் கடுக்கென்றுதான் இருக்கும். ஃபுளோரைடும் சேர்ந்த தண்ணீர் என்பதால்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பருப்பு போட்டுப் பார், இரண்டு விசிலில் மசிந்துவிடும்.

சரி, களிக்கு வருகிறேன்.

அடுப்பின் முகப்பில் எட்டு பட்டன். தோசை, சப்பாத்தி, பால், சாதம், குழம்பு, பொரியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. விற்ற கடைக்காரர் "எல்லாமே செய்யலாம்மா" என்றார். எங்கள் வீட்டில் ராத்திரிக்கு வாரம் நான்கு நாள் கேழ்வரகுக் களி. அத்தை பென்னாகரம் பக்கத்துக் காட்டு வேலை செய்து வளர்ந்தவர்கள். களி இல்லாத ராத்திரி அவர்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. எனக்கும் என் பையனுக்கும்கூட இப்போது அப்படித்தான்.

களி செய்வது எப்படி என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் இந்த அடுப்பில் எது தடுக்கிறது என்று புரிய ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கொஞ்சம் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, மாவை மேலே குவித்து, துடுப்பால் நடுவில் ஒரு குழி போட்டு மூடி வைக்கிறோம். குழி வழியாகக் கஞ்சி கொப்பளித்து மாவு முழுக்க வெந்ததும், சட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிண்டுகிறோம். பிறகு சின்னத் தீயில் கொஞ்ச நேரம் புழுங்க விடுகிறோம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

இந்த அடுப்பில் கிண்ட ஆரம்பித்ததும் சட்டி சுற்றுகிறது. மேலே வழவழவென்ற கண்ணாடி, அடியில் வழவழவென்ற எவர்சில்வர். துடுப்பை இந்தப் பக்கம் தள்ளினால் சட்டி அந்தப் பக்கம் போகும். இரண்டு விரல் நகர்ந்துவிட்டால் போதும், பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். ஈரத்துணி போட்டுப் பார்த்தேன், துணி பழுப்பேறிக் கருகல் வாசம் வந்தது. பையனைப் பிடிக்கச் சொன்னேன், கைப்பிடி சுட்டது. "கீழ எறக்கி பிரிமணை மேல வச்சுக் கிண்டும்மா, நாங்க அப்படித்தான் செஞ்சோம்" என்றார்கள் அத்தை. அது நல்ல யோசனை. இறக்கி, இரண்டு காலாலும் பிரிமணையை அணைத்துக்கொண்டு கிண்டினேன், கட்டியில்லாமல் வந்தது. சுற்றுகிற பிரச்சினை அதோடு தீர்ந்தது.

தீராதது புழுங்க விடுவதுதான். இந்த அடுப்புக்குச் சின்னத் தீ என்பதே தெரியாது. 300 வாட் என்று வைத்தாலும் சீராக 300 வாட் கொடுக்காது. சில நொடி கிர்ர் என்று வேகமாகச் சூடேற்றும், சில நொடி சும்மா இருக்கும், மறுபடி கிர்ர். ரசத்துக்கும் பாலுக்கும் அது ஒன்றும் தெரியாது. தண்ணீரெல்லாம் உறிஞ்சி இறுகிக் கிடக்கும் களிக்கு அந்தச் சில நொடி போதும். மூடியைத் திறந்தால் மேலே பாதி வேக்காடு, கீழே தீய்ந்த வாசம். களியை எடுத்த பிறகு சட்டியின் அடியைப் பார்த்தால் வளையல் மாதிரி கருப்பாக ஒரு வட்டம், நடுவில் ஐந்து ரூபாய் அளவுக்கு வெள்ளையாக மாவு. மூன்று வருஷத்தில் எப்போது முயன்று பார்த்தாலும் இதே வளையல்தான்.

அது ஏன் என்று இந்த வருஷம் மழையில்தான் தெரிந்தது. ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்து, போய் வந்து, காலையில் அடுப்பு செத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றணும், 1,800 ரூபாய் என்றார்கள். திறந்துகூடப் பார்க்காமல் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருமுனையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் தம்பியிடம் கொடுத்தேன். என் எதிரிலேயே திறந்தார். ஃப்யூஸும் ஐஜிபிடி என்கிற ஒரு சின்ன உறுப்பும் போயிருந்தன. ஃபேன் பக்கத்தில் கரப்பான் கூடு கட்டியிருந்தது. உள்ளே கதகதப்பாக இருப்பதால் குடிவந்துவிடுமாம். 650 ரூபாயில் முடிந்தது. சமையல் முடிந்ததும் சுவிட்சை உடனே அணைக்காமல் ஃபேன் நிற்கும்வரை விடச் சொன்னார், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். இரண்டையும் அன்றிலிருந்து செய்கிறேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கியபோது உள்ளே வட்டமாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளைப் பார்த்தேன். நடுவில் காலி, அங்கே சூடு பார்க்கிற சின்ன சென்சார் மட்டும். கம்பி இருக்கிற இடத்துக்கு நேராகத்தான் பாத்திரத்தின் அடி சுடுமாம். என் களிச் சட்டியின் கருப்பு வளையலும் அந்தச் சுருளும் ஒரே அளவு. கனமான அடி இருந்தால் சூடு பரவும் என்றார். எங்கள் வீட்டில் கனமான அடி உள்ளது களிக் குண்டான்தான். அத்தை கல்யாணத்துக்கு வந்த அலுமினியக் குண்டான். அதை வைத்தால் இந்த அடுப்பு பாத்திரமே இல்லை என்று சொல்லி அணைந்துவிடும்.

மூன்று வருஷமாகக் களியைக் கேஸில்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் சமாளித்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அத்தையின் தங்கை குடும்பம் வந்திருந்தது. ஆறு பேர். கொள்ளுக் குழம்பு கொதிக்கும்போதே சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் களியை இதில் போட்டேன். இறக்கிக் கிண்டி, ஏற்றிப் புழுங்கவிட்டு, மூன்று தடவை மூடியைத் திறந்து பார்த்து, அவ்வளவு கவனமாக இருந்தும் தீய்ந்தது. சின்ன அத்தை ஒன்றும் சொல்லாமல் மேலாக எடுத்துச் சாப்பிட்டார்கள். அத்தை இரண்டாவது உருண்டை வாங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் நாத்தனார் போன்.

எட்டு பட்டனில் ஒன்றுகூட நம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இல்லை என்பதில் எனக்குத் தீராத கோபம். கேழ்வரகு விளைகிற ஊரில், களி தின்கிற வீட்டுக்கு விற்கிறார்கள். சீராக எரிகிற ஒரு சின்னத் தீயையாவது அதற்குள் வைத்துக் கொடுத்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சிலிண்டர் வந்தது. அன்று ராத்திரி குண்டானை ஏற்றினேன். அடியில் பிடித்த காந்தல் முழுக்கச் செம்பழுப்பாக, மெல்லிசாக, ஒரே தகடாக உரிந்து வந்தது. அத்தையும் பையனும் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்து மோரில் தொட்டுத் தின்றார்கள். நாளைக் காலையும் ஆறேகாலுக்கு நான் இண்டக்‌ஷனில்தான் குக்கர் வைப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனாலும் உனக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான் கண்ணு. உன் வீட்டில் தினமும் ராத்திரி ஐந்து பேருக்குக் களி. அந்தக் காசைக் கட்டி இரண்டாவது சிலிண்டருக்கு எழுதிக் கொடு.