குயில்ட் வகுப்புக்கு ஊர் ஊராக எடுத்துப்போன தையல் மெஷின்: ஆறு வருட அனுபவம்

அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சுற்றியுள்ள சின்ன ஊர்களின் துணிக்கடைகளுக்குப் போய் மெஷின் குயில்டிங், அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்து மெஷினில் தைத்துப் போர்வை செய்வதை, சொல்லிக்கொடுக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. ஆறு வருடமாக என்னோடு காரில் வருவது ஒரே மெஷின், ஜூக்கி டிஎல்-2010க்யூ. வகுப்புக்கு எடுத்துப்போக எது வசதி என்று பலர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 11.5 கிலோ. முதல் வருடம் கையாலேயே தூக்கிப்போனேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்புறம் சக்கரம் வைத்த பை வாங்கினேன். அது இல்லாமல் இந்த மெஷினை வகுப்புக்கு எடுத்துப்போக நினைக்காதீர்கள். ஆனால் மேசையில் வைத்த பிறகு அந்த எடைதான் பெரிய உதவி. கடைகளின் வகுப்பறையில் பெரும்பாலும் மடக்கு மேசைதான் இருக்கும். லேசான மெஷின் அதன்மேல் ஓடும்போது மேசையே நடுங்கும், தையலும் நடுங்கும். இது அலுமினிய உடம்பு, அசையாமல் உட்காரும். வழுக்காமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் போடுகிறேன்.

இது நேர்த்தையல் மட்டும் போடும். ஜிக்ஜாக் வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டாம். குயில்டிங்குக்கு நேர்த்தையலே போதும். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே சுமார் எட்டரை அங்குலம் இடம் இருப்பதால், பெரிய போர்வையையும் சுருட்டி உள்ளே தள்ளித் தைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதன் வேகக் கட்டுப்பாடு. நிமிடத்துக்கு 1500 தையல் வரை ஓடும் மெஷின் இது. அதை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டால், புதிதாகக் கற்பவர் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் ஓட்டம் கைமீறாது. வகுப்பில் யாருடைய மெஷின் நின்றாலும் தயங்காமல் என் இருக்கையில் உட்கார வைக்கிறேன்.

மெஷின் நிற்பது என்றதும் நினைவுக்கு வருவது அடிப்பக்க நூல் சிக்கல்தான். ஃப்ரீ மோஷன் தையலில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு நம் கையாலேயே துணியை நகர்த்துகிறோம். முதல் அரை மணி நேரத்திலேயே யாராவது ஒருவர் கையை உயர்த்துவார். போன மழைக்காலத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா, தன் தாயாரின் பழைய மெஷினோடு வந்திருந்தார். மேலே தையல் அழகாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் குருவிக்கூடு மாதிரி மேல்நூல் சுருண்டு கிடந்தது. மெஷின் வயதாகிக் கெட்டுப்போய்விட்டது என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நூலை முழுக்க உருவி எடுத்தேன். ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோக்கச் சொன்னேன். ஃபுட் இறங்கியிருக்கும்போது மேல்நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி இருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே இறங்காமல் மேலாகவே போய்விடும். பிடிப்பே இல்லாத மேல்நூலை அடியில் சுழலும் கொக்கி அளவில்லாமல் இழுக்கும். தூக்கிக் கோத்ததும் அடுத்த வரி சுத்தமாக வந்தது. அவர் அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு, பூ வடிவம் தைக்கச் சொல்லும் முன் எல்லோரையும் ஒருமுறை ஃபுட்டைத் தூக்கி நூலைக் கோக்க வைக்கிறேன்.

இன்னொன்று, வளைவில் மட்டும் அடியில் கண் இமை மாதிரி நூல் நீண்டு தெரிந்தால் பெரும்பாலும் கை அங்கே வேகமாக ஓடியிருக்கும். டென்ஷன் திருகைத் தொடுமுன் கையை நிதானமாக்கிப் பாருங்கள். சின்னப் புள்ளிகளாக அடிநூல் மேலே எட்டிப் பார்த்தால், அப்போது மேல்நூல் இறுக்கம் கூடியிருக்கிறது. கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

கடையில் போய் இறங்கியதும் நான் பார்ப்பது மின்சாரம். ஒரு கடையில் எட்டு மெஷினும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் ஒரே லைனில் ஓடி, பிரேக்கர் விழுந்து எல்லாம் இருட்டிவிட்டது. அமெரிக்காவில் 15 ஆம்ப் லைன் 120 வோல்ட்டில் 1800 வாட்தான் தாங்கும். இஸ்திரிப் பெட்டி ஒன்றே 1500 வாட் பக்கம் இழுத்துவிடும். இப்போது நீளமான ஒயர் எடுத்துப்போய், இஸ்திரியை வேறு லைனில் மாட்டச் சொல்லிவிடுகிறேன்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் புது ஊசி, 50 எண் பருத்தி நூலுக்கு 80 அளவு ஊசி. அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் பகுதியிலும் நூல் வெட்டும் இடத்திலும் பேட்டிங் பஞ்சு சேரும். வீடு திரும்பியதும் பிரஷால் தட்டி, கொக்கியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.

மெஷினில் தைத்தால் அது குயில்ட்டா என்று கேட்பவர் இன்னும் உண்டு. அவர்களிடம் அமெரிக்கக் குயில்ட் கலைஞர் கெரில் பிரையர் ஃபாலர்ட்டைப் பற்றிச் சொல்வேன். 1989-இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா ஊரில் நடந்த குயில்ட் கண்காட்சியில் அவருடைய சூரிய கிரகணக் குயில்ட்டுக்கு முதன்மைப் பரிசு கிடைத்தது. மெஷினில் குயில்ட் செய்த ஒன்று அங்கே அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் முறை. அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினால் வகுப்பில் பேச்சு நின்றுவிடும். அப்புறம் எல்லோரும் பயிற்சித் துண்டை எடுத்துக்கொண்டு அவரவர் மெஷின் பக்கம் திரும்புவார்கள்.