புதியவரா, அனுபவசாலியா?

கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றின் கணக்குப் பகுதியில் ஓர் இடம் காலி என்று வைத்துக்கொள்வோம். அனுபவசாலியை எடுப்பதா, இப்போதுதான் படிப்பை முடித்த பிள்ளையை எடுப்பதா?

யாரை எடுத்தாலும் முதலாளி அவருடைய சம்பளத்தின் 12 வீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்கும் 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் கட்டியே ஆக வேண்டும். அனுபவசாலி சம்பளம் கூடக் கேட்பார். ஆனால் வந்த அன்றே வேலை நடக்கும். கடனுக்குச் சரக்குக் கேட்பவரின் பேச்சை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார்.

புதியவருக்கு அதெல்லாம் தெரியாது. சில மாதம் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சரி, அப்புறம் ஒருநாள் அவர் கேட்பார்: “அண்ணா, ஒரே பில்லைக் கொப்பியிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏன் அடிக்கிறோம்?” பழகிய கண்ணுக்கு இது படவே படாது. பதில் தேடி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், தொகை ஒத்துவராத பில்கள் வெளியே வரும். அந்தக் கேள்வியை அடக்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

என் தெரிவு புதியவர்தான், சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவர் ஏற்கெனவே இருந்தால். அப்படி யாரும் இல்லாத கடை அனுபவசாலியையே எடுக்கட்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை திக்குமுக்காடிப் போகும்.