மேப் ஓட்டெடுப்பு: பெட்டி மெனுவா, சாட் வரியா, டேட்டாபேக்கா?

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் மினிகேம் ஒன்றுக்கு எட்டு மேப் (ஆடுகளம்) கட்டியாகிவிட்டது. லாபியில் (ஆட்டத்துக்குக் காத்திருக்கும் இடம்) நிற்கிற பன்னிரண்டு பேர் அடுத்த ஆட்டம் எதில் என்று முடிவு செய்ய வேண்டும். எட்டில் மூன்றை முன்வைத்து, மூன்று பொத்தான், மூன்று எண்ணிக்கை, எது பெரிதோ அது என்று எளிதாகத்தான் தோன்றும். உள்ளே இறங்கினால் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியவை நான்கு: ஓட்டை எப்படி வாங்குவது, எங்கே பதிவது, எப்படி எண்ணுவது, ஜெயித்த மேப்பை எப்போது ஏற்றுவது. பெரும்பாலோர் முதலாவதை அழகுபடுத்துவதிலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆட்டம் சொதப்புவது என்னவோ கடைசி இரண்டில்தான்.

டேட்டாபேக் எங்கே போதும், எங்கே போதாது

பிளகின் (சர்வரோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட முடியாத இடத்தில், அதாவது ரெல்ம்ஸிலோ (மைன்கிராஃப்ட்டின் சொந்த வாடகை சர்வர்) வெறும் வெனிலா (மாற்றம் செய்யாத) சர்வரிலோ, டேட்டாபேக் (ஆட்டத்தின் சொந்தக் கட்டளைகளால் ஆன தொகுப்பு) தவிர வேறு வழியில்லை. அதிலும் ஓட்டு வாங்குவது கடினமில்லை. ட்ரிக்கர் வகையில் ஒரு ஸ்கோர்போர்டு ஆப்ஜெக்டிவ் (ஆளுக்கு ஒரு எண்ணை வைத்திருக்கும் கணக்கு) உருவாக்கினால், ஆபரேட்டர் உரிமை இல்லாதவரும் ட்ரிக்கர் கட்டளையால் தன் மதிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை பயன்படுத்தியதும் அது அவருக்குப் பூட்டிக்கொள்ளும். மறுபடி எனேபிள் செய்தால்தான் திறக்கும். ஆளுக்கு ஒரே ஓட்டு, மாற்ற முடியாது என்று வைக்க விரும்பினால் இந்தப் பூட்டே போதும். மனம் மாறினால் மாற்றட்டும் என்றால் நொடிக்கு ஒருமுறை எல்லாருக்கும் எனேபிள் ஓட வேண்டும். சுற்று தொடங்கும்போது முதலில் ரீசெட், பிறகு எனேபிள். வரிசை மாறினால் யாராலும் ஓட்டுப் போட முடியாது.

சாட்டில் சொடுக்கும் வரியைக் கொடுத்தாலும், கட்டளையைக் கையால் தட்டச்சு செய்து 999 என்று வைப்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். 1 முதல் 3 வரை மட்டும் எண்ணுங்கள்; மற்றதை உடனே அழித்துவிடுங்கள். சமநிலையை உடைக்க 1.20.2-இல் வந்த ரேண்டம் கட்டளை இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பென்றால், சமமாக நிற்கும் மேப்புகளுக்கு ஆளுக்கொரு ஆர்மர் ஸ்டாண்ட் (கவசம் மாட்டும் சட்டம்) வைத்து, செலக்டரில் (கட்டளையின் இலக்கைத் தேர்ந்தெடுக்கும் குறியீடு) ரேண்டம் வரிசை, எல்லை 1 என்று போட்டு ஒன்றை எடுக்கலாம்.

டேட்டாபேக் தோற்பது வேறிடத்தில். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் புது உலகத்தை ஏற்றவோ இறக்கவோ அதனால் முடியாது. எட்டு மேப்பும் ஒரே உலகத்தில் எட்டத் தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தொடாத நகல் ஒன்று வேறு. ஆட்டம் முடிந்ததும் பிளாக்குகளைப் பிரதியெடுக்கும் குளோன் கட்டளையால் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். அதன் இயல்பான உச்ச வரம்பு 32,768 பிளாக். 60க்கு 60, உயரம் 30 என்ற சாதாரண மேப்பிலேயே 1,08,000 பிளாக் வந்துவிடும். ஓர் அடுக்குக்கு 3,600, ஆகவே ஒரு தடவைக்கு ஒன்பது அடுக்கு, மொத்தம் நான்கு குளோன். 1.19.4 முதல் இந்த வரம்பை கேம்ரூல் (ஆட்ட விதி அமைப்பு) மூலம் உயர்த்தலாம். உயர்த்தினால் அந்த ஒரு டிக்கில் (சர்வரின் ஒரு துடிப்பு, நொடியில் இருபதில் ஒரு பங்கு) சர்வர் திணறும். நான்காகப் பிரித்து நான்கு டிக்கில் ஓட்டுவதே மேல். மூலமும் இலக்கும் ஏற்றப்பட்ட சங்க்கில் (16க்கு 16 பிளாக் கொண்ட பகுதி) இல்லாவிட்டால் குளோன் தோற்றுப்போகும் என்பதால், சங்க்கை ஏற்றியே வைக்கும் ஃபோர்ஸ்லோடும் தேவை.

மூன்று நான்கு சின்ன மேப், நண்பர் கூட்டம் என்றால் டேட்டாபேக் தாராளம். அதற்கு மேல் போனால் பேப்பர் (பிளகின் ஏற்கும் சர்வர் மென்பொருள்) சர்வரும் பிளகினும்தான்.

பிளகினில்: மெனு, சாட், தரை

பெட்டி மெனு (பெட்டி போலத் திறக்கும் திரையில் பொருள்களே பொத்தான்) பார்வைக்கு நன்றாக இருக்கும், வேலையும் அதிகம் வாங்கும். கட்டங்கள் 9-இன் மடங்காக 54 வரை போகலாம். மூன்று மேப்புக்கு 27 கட்டமே ஏராளம். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 11, 13, 15 ஆகிய கட்டங்கள் நடுவரிசையில் சீராக விழும். எல்லாருக்கும் ஒரே இன்வென்டரியைத் (பொருள் கட்டங்களின் தொகுதி) திறந்தால், ஓட்டு மாறும்போது ஒரு பொருளை மாற்றினாலே திறந்து வைத்திருக்கும் அத்தனை பேர் திரையிலும் மாறிவிடும். ஆனால் "நீங்கள் போட்டது இது" என்று அவரவருக்கு ஒளிர வைக்க முடியாது. அது வேண்டுமென்றால் ஆளுக்கொரு இன்வென்டரி, ஒவ்வொரு ஓட்டுக்கும் அத்தனையையும் புதுப்பிக்கும் வேலை. பன்னிரண்டு பேருக்கு இது ஒரு சுமையே இல்லை, தனித்தனியாகவே வையுங்கள்.

மெனுவில் வழக்கமாக இடறும் இடங்கள் இவை. தலைப்பை வைத்து மெனுவை அடையாளம் காண்பது முதல் தவறு: யாராவது ஆன்விலில் ஒரு பெட்டிக்கு அதே பெயர் வைத்தால் அதுவும் மெனுவாகிவிடும். சொந்தமாக ஒரு இன்வென்டரி ஹோல்டர் (இன்வென்டரி யாருடையது என்று சொல்லும் கோடு) எழுதி அதைச் சோதிக்க வேண்டும். கிளிக் ஈவென்ட்டை (நடந்ததைச் சர்வர் பிளகினுக்குச் சொல்லும் அறிவிப்பு) மட்டும் ரத்து செய்து, பொருளை இழுப்பதற்கான டிராக் ஈவென்ட்டை மறப்பது இரண்டாவது. கிளிக் ஈவென்ட்டுக்குள்ளேயே மெனுவை மூடுவது மூன்றாவது. அதை அடுத்த டிக்குக்குத் தள்ளுங்கள். ஓட்டு எண்ணிக்கையைப் பொருளின் அளவாகக் காட்டுவதும் பலர் செய்வது. பூஜ்யம் வந்தால் அந்தப் பொருளே மறைந்துவிடும். அளவை 1-க்குக் குறையாமல் வைத்து, உண்மையான எண்ணைப் பொருளின் விளக்க வரியில் எழுதுங்கள்.

மெனுவைத் திறக்கக் கையில் ஒரு காகிதமோ நட்சத்திரமோ கொடுத்திருந்தால் இன்னும் ஒன்று. வலது சொடுக்குக்கான இன்டராக்ட் ஈவென்ட் இரண்டு கைக்கும் வரலாம். முதன்மைக் கையா என்று பார்க்காவிட்டால் சில சமயம் மெனு இரண்டு முறை திறக்கும். காற்றில் சொடுக்கும்போது அந்த ஈவென்ட் ஏற்கெனவே ரத்தான நிலையில்தான் வரும். ஆகவே லிசனரில் (ஈவென்ட்டைக் கவனிக்கும் கோடு) 'ரத்தானதை விட்டுவிடு' என்று குறித்திருந்தால், தரையைப் பார்த்துச் சொடுக்கினால் திறக்கும், வானத்தைப் பார்த்தால் திறக்காது. "சில பேருக்கு மட்டும் வேலை செய்யல" என்ற புகார் வந்தால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

சாட் வரி இதற்கு நேர் எதிர். சொடுக்கினால் ஓட்டுக் கட்டளை ஓடும் மூன்று வரிகள். இருபது முப்பது வரி கோடில் முடிந்துவிடும். குறை என்னவென்றால், பேச்சு மிகுந்த லாபியில் அது மேலே ஓடி மறைந்துவிடும். பத்து நொடிக்கு ஒருமுறை மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். கெய்சர் என்ற இணைப்பு நிரல் வழியாக பெட்ராக் (மொபைல், கன்சோல் பதிப்பு) ஆட்டக்காரர்கள் வரும் சர்வரில் சாட்டைச் சொடுக்கவே முடியாது. அவர்களுக்கு மெனுவோ, கெய்சரின் துணைப் பிளகினான ஃப்ளட்கேட் வழியான ஃபார்மோ கொடுத்தாக வேண்டும். பழைய பிளகின்கள் சில, சொடுக்கினால் சாட்டில் "2" என்று அனுப்ப வைத்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. 1.19.1-க்குப் பிறகு அது நடக்காது: சொடுக்கு கட்டளையை ஓட்டும், சாட் செய்தியை அனுப்பாது.

தரையில் நின்று ஓட்டளிப்பது மூன்றாவது வழி. மூன்று நிற மேடை. கடைசி நொடியில் எந்த மேடையில் நிற்கிறீர்களோ அதற்கு உங்கள் ஓட்டு. ஒரு உடம்புக்கு ஒரு ஓட்டு தானாகவே அமைந்துவிடுகிறது, பதிவேடும் வேண்டாம். எண்ணுவதை மூவ் ஈவென்ட்டில் வைக்காதீர்கள். தலையைத் திருப்பினாலே அது ஓடும். பத்து டிக்குக்கு ஒருமுறை எல்லாரின் இடத்தையும் பார்த்தால் போதும். குதூகலம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம். ஆனால் கும்பல் எங்கே போகிறதோ அங்கேயே எல்லாரும் ஓடுவார்கள்.

1.21.6-இல் டயலாக் என்ற சாளர வசதியும் வந்திருக்கிறது. அந்தப் பதிப்புக்கு மேல் மட்டும் அனுமதிக்கும் சர்வர் என்றால், பெட்டி மெனுவின் கண்ணிகள் எதுவும் இல்லாமல் பொத்தான்களை வைக்கலாம். பழைய பதிப்புக்காரர்களையும் உள்ளே விடுகிறவர்களுக்குப் பயனில்லை.

பொதுவான சர்வருக்கு எங்கள் தேர்வு: பெட்டி மெனு, கூடவே அதே வேலையைச் செய்யும் ஒரு கட்டளை. மெனு அந்தக் கட்டளையின் முகம் மட்டுமே. இரண்டும் ஒரே ஃபங்ஷனை அழைக்க வேண்டும்.

பதிவேடு

இதில் அலசலே வேண்டாம். மேப்புக்கு ஒரு எண்ணை வைத்துக் கூட்டிக் கழிப்பவர்கள் எல்லாரும் கடைசியில் எதிர்மறை ஓட்டையோ, இருப்பவர்களைவிட அதிக ஓட்டையோ பார்ப்பார்கள்: ஒருவர் ஓட்டை மாற்றும்போது பழையதைக் கழிக்க மறந்திருக்கும், அல்லது வெளியேறியபோது கழித்து, உதைத்து அனுப்பியபோது மறுபடி கழித்திருக்கும். ஆட்டக்காரரின் யூயூஐடி (அவருக்கே உரிய, மாறாத அடையாள எண்), அவர் தேர்ந்த மேப் என்ற ஒரே ஹாஷ்மேப் (சாவிக்கு ஒரு மதிப்பு வைக்கும் அட்டவணை) வைத்து, தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்து புதிதாக எண்ணுங்கள். பிளேயர் ஆப்ஜெக்ட்டைச் சாவியாக வைக்காதீர்கள். வெளியேறி மறுபடி வந்தவர் புது ஆப்ஜெக்ட், அவருக்கு இரண்டு ஓட்டாகிவிடும். வெளியேறினால் சாவியை நீக்கினால் போதும். சாட்டில் எண் தட்டி ஓட்டுப் போடும் வசதியும் வைத்தால், சாட் ஈவென்ட் மெயின் திரெட்டுக்கு (ஆட்டத்தை நடத்தும் முதன்மை ஓட்டம்) வெளியே ஓடுவது என்பதால் ஓட்டை மெயின் திரெட்டுக்குத் தள்ளிவிட்டுப் பதியுங்கள்.

பெரும்பான்மையா, குலுக்கலா

12 பேர் 5, 4, 3 என்று பிரிந்து ஓட்டுப் போட்டால் பெரும்பான்மை முறையில் ஐந்து பேரின் மேப். ஏழு பேர் அதை விரும்பவில்லை. ஒரே கூட்டம் தொடர்ந்து ஆடும் சர்வரில் அந்த ஐவரின் மேப் மறுபடி மறுபடி வரும். கட்டிய எட்டில் ஐந்து மேப் தூசி படியும். குலுக்கல் முறையில் ஒவ்வொரு ஓட்டும் ஒரு சீட்டு: மேப்புகளின் வாய்ப்பு முறையே சுமார் 42, 33, 25 சதவீதம். இதற்கு வரும் புகார் "நாங்கதானே ஜாஸ்தி, ஏன் அது வந்துச்சு?" என்பது. மெனுவில் ஓட்டு எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைக் காட்டினால் இந்தச் சண்டை பெரும்பாலும் அடங்கும். குலுக்கலில் ஒரு குழி: யாருமே ஓட்டுப் போடாவிட்டால் மொத்தம் பூஜ்யம், பூஜ்யத்தை எல்லையாகக் கொடுத்து ஜாவாவின் ரேண்டமைக் கேட்டால் எக்ஸெப்ஷன்தான் (பிழை) வரும், கவுண்ட்டவுன் அங்கேயே நின்றுவிடும். பூஜ்யம் என்றால் மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று முதலிலேயே எழுதுங்கள்.

இரண்டுக்கும் நடுவில், தோற்ற மேப்பின் ஓட்டில் பாதியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகும் முறை. மேலே சொன்ன கணக்கில் தோற்ற மேப்புகள் அடுத்த முறை, பின்னத்தை விட்டுவிட்டால், 2, 1 என்ற முன்தொகையோடு தொடங்கும். ஜெயித்ததும் அது பூஜ்யமாகும். தினமும் அதே முகங்கள் வரும் சர்வருக்கு இது பொருந்தும். வந்துபோகிறவர்கள் மிகுந்த சர்வரில், போனவர்களின் ஆசையை இருப்பவர்கள் சுமப்பதாக முடியும். அங்கே குலுக்கலே மேல்.

பெரும்பான்மையையே வைத்துக்கொள்வதானால் சமநிலையில் பட்டியலில் முதலாவதை எடுக்காதீர்கள். முதல் கட்டத்துக்கு மறைமுகச் சலுகையாகிவிடும். சமமானவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுங்கள். கட்டங்களின் வரிசையையும் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள். கடைசியாக ஆடிய இரண்டு மேப்பை விலக்குவது நல்ல பழக்கம். மொத்தமே நான்கு மேப் என்றால் மீதி இரண்டுதான், மூன்றாவது கட்டம் காலி. எனவே விலக்கும் எண்ணிக்கை 2, அல்லது மொத்தம் கழித்தல் 3, இவற்றில் சிறியது. ஜெயித்த மேப்பில் லாபியில் இருப்பவர்களுக்குப் போதிய தொடக்க இடங்கள் உள்ளனவா என்று மூடும் கணத்தில் மறுபடி பாருங்கள்.

எப்போது மூடுவது, எப்படி ஏற்றுவது

கவுண்ட்டவுன் 30 நொடி என்றால் ஓட்டெடுப்பு 10-இல் மூட வேண்டும். பூஜ்யத்தில் மூடி அப்போது உலகத்தை ஏற்றினால், அந்தச் சர்வரில் ஓடும் மற்ற ஆட்டங்களும் சேர்ந்து உறையும். வார்ப்புக் கோப்புறையைப் (மேப்பின் தொடாத மூலம்) பிரதியெடுப்பதை வேறு திரெட்டில் செய்யலாம். உலகத்தை உருவாக்கும் அழைப்பு மெயின் திரெட்டில்தான் ஓட வேண்டும், ஒரு டிக்குக்கு இருப்பதோ 50 மில்லிநொடி. மூன்று மேப்பையும் முன்கூட்டியே ஏற்றி வைப்பது இன்னொரு வழி. நினைவகம் மும்மடங்கு போகும், பலன் சில நொடி. பத்து நொடி இடைவெளி இருக்கும்போது அது வீண்.

பிரதியெடுக்கும்போது, உலகத்தின் அடையாள எண் இருக்கும் uid.dat கோப்பை நீக்கிவிடுங்கள். ஒரே வார்ப்பிலிருந்து இரண்டு உலகம் வந்தால், இரண்டாவதை நகல் என்று சொல்லி சர்வர் ஏற்ற மறுக்கும். வெற்றிட ஜெனரேட்டரைக் (சுற்றிலும் காலியாக விடும் நிரல்) குறிப்பிடாவிட்டால் மேப்பைச் சுற்றி மலையும் கடலும் முளைக்கும். ஏற்றும் நேரமும் கூடும். உலகத்தைச் சேமிக்கும் ரீஜன் கோப்பு ஒன்றுக்கு 512க்கு 512 பிளாக். மேப்பை 0,0-ஐ மையமாக வைத்துக் கட்டினால் நான்கு கோப்பில் சிதறும், 256,256-ஐ மையமாக வைத்தால் ஒன்றில் அடங்கும்.

லாபி நிறைந்ததும் கவுண்ட்டவுனை 10-க்குக் குறைக்கும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் கடைசியாக வந்தவர் மெனுவைத் திறக்குமுன் ஓட்டெடுப்பு முடிந்திருக்கும். 15-க்கு மேல் நிறுத்துங்கள். மூடிய பிறகு ஒருவர் வெளியேறி ஆள் குறைந்து கவுண்ட்டவுன் நின்றால், தேர்வானது தேர்வானதே. ஓட்டெடுப்பை மறுபடி திறந்தால் ஏற்றிய உலகம் அநாதையாக நிற்கும்.

ஆட்டம் முடிந்து உலகத்தை இறக்கும்போது, சேமிக்காமல் இறக்குங்கள். அழைப்பு திருப்பித் தரும் மதிப்பைப் பார்த்த பிறகே கோப்புறையை அழியுங்கள். உள்ளே ஒரே ஒருவர் இருந்தாலும் இறக்கம் தோற்கும். அந்த ஒருவர் பெரும்பாலும் செத்துப்போய், மறுபிறப்புப் பொத்தானை அழுத்தாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்; செத்தவரை டெலிபோர்ட் செய்ய முடியாது. முதலில் அவரைக் கட்டாயமாக ரீஸ்பான் செய்து, அதன் பிறகு லாபிக்கு அனுப்புங்கள்.