95 கிலோ அண்ணனா, 60 கிலோ தம்பியா?

ஒலிம்பிக்கில் ஆண்கள் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்துக்கு 57, 65, 74, 86, 97, 125 கிலோ என ஆறே பிரிவுகள். பயிற்சிக்கூடத்தில் அப்படியெல்லாம் பிரித்து ஆள் கிடைக்காது. அன்றைக்கு யார் மிச்சமோ அவர்தான் ஜோடி. எனக்கு 74 கிலோ. பெரும்பாலும் வாய்ப்பது 95 கிலோ அண்ணன் ஒருவர், இல்லையென்றால் 60-ஐத் தொடாத கல்லூரித் தம்பி.

அண்ணனிடம் ஏமாற்று வேலை நடக்காது. தூரத்திலிருந்து டபுள் லெக்குக்கு, அதாவது இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கப் பாய்ந்தால், கால்களைப் பின்னால் வீசி ஸ்ப்ரால் போட்டு, மார்பை என் பிடரிமேல் இறக்கிவிடுவார். மூச்சு அப்படியே நின்றுவிடும். தலை கவிழ்ந்திருந்தது அப்போதுதான் உறைக்கும். அவரால்தான் ஒற்றைக் காலைப் பிடிக்கும் சிங்கிள் லெக் எனக்கு ஒழுங்காக வந்தது: மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அவரை நடக்கவைத்து, முன்கால் எடுத்துவைக்கும் நொடியில் பக்கவாட்டில் நுழைய வேண்டும். ஆனால் அவர் குப்புறப் படுத்துவிட்டால் தீர்ந்தது, புரட்டவே முடியாது. அந்தக் காலத்தில் பேர்போன இந்திய மல்லர் காமா பயில்வானுக்கே அந்த கதிதான். 1910-இல் லண்டனில், தன்னைவிட எடைகூடிய போலந்து மல்லர் ஜிபிஸ்கோ தரையோடு ஒட்டிக்கிடந்ததில், இரண்டரை மணி நேரம் போராடியும் புரட்ட முடியாமல் ஆட்டம் சமனில் முடிந்தது.

தம்பியிடம் எல்லாமே பலிக்கும். ஆபத்தும் அதுதான். பிடி கோணலாக இருந்தாலும் கைபலத்தில் தூக்கிவிடலாம், நாமும் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொள்ளலாம். அதனால் அவனோடு இறங்கும்போது பலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். அப்புறம்தான் வண்டவாளம் வெளியே வந்தது: அவன் என் கணுக்காலைப் பிடிக்கக் குனிகிற வேகத்துக்கு என் முழங்கால் மடங்கவே இல்லை. ஃபயர்மேன் கேரி மாதிரி தோளில் தூக்கிப்போடும் பிடியை இருபது தடவை பழகவும் அவன்தான் சரி. அண்ணனைத் தூக்கினால் ஐந்தாவதிலேயே இடுப்பு கெஞ்சும். ஒரு நாள் களைப்பில் முழு எடையோடு அவன்மேல் விழுந்துவிட்டேன். விலா வலியில் மூன்று வாரம் அவன் வரவில்லை. முழுக்க என் தப்பு.

சம எடை ஆள் வந்தால், புள்ளி வைத்து மும்மூன்று நிமிடம் இரண்டு சுற்று ஆட அவரைவிட்டால் வேறு யார்? அதில் பேச்சே இல்லை.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் தம்பியைத்தான் எடுப்பேன். ஒரு மணி நேரத்தில் அவனோடு போடுகிற பிடிகளில் கால்வாசிகூட அண்ணனோடு தேறாது. அண்ணனோடு வாரத்துக்கு ஒரு நாள் போதும், அதுவும் கழுத்துக்கு நல்ல பலம் வந்த பிறகு.